பதினோராம் நம்பர் வீட்டு இரவு

ஆடி மாதத்தில் ஒரு காலை எட்டரை மணிக்கு, வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, வேலியோரம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்க, வெயில் சிமெண்ட் அட்டைக் கூரையில் ஏறி உட்கார்ந்து பழுக்கத் தொடங்கியிருக்க, எங்கள் மில் லைனில் பதினோராம் நம்பர் வீட்டுக்குள் மட்டும் இரவு வந்தது. வந்த இரவு போகவும் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் பரவவும் இல்லை; பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள், கடன் கேட்க வந்த உறவுக்காரரைப் போல, பேசாமல் உட்கார்ந்துகொண்டது. டியூப்லைட் போய்விட்டது என்றுதான் அந்த வீட்டு நாச்சாத்தாள் நினைத்தாள். ஸ்டூலில் ஏறிக் குழாயைத் திருகிப் பார்த்தாள். குழாய் சூடாக எரிந்துகொண்டுதான் இருந்தது; வெளிச்சம்தான் வெளியே வரவில்லை. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தாள். அது காலைதான் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அவள் தூங்கினாள். அதுதான் எங்களுக்கு அதிசயம். பகலில் இரவு வந்ததைவிட அதுதான் பெரிய அதிசயம்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் லைனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வீடு, அத்தனையும் மூணாம் ஷிப்ட். ராத்திரி பத்துக்கு நூற்பு மில்லுக்குள் போய்க் காலை ஆறுக்கு வெளியே வருகிற ஜனம். உலகம் எழுந்து பல் தேய்க்கிற நேரத்தில் நாங்கள் பாய் விரிப்போம்; குக்கர் விசில், கோலமாவு விற்கிறவன், பள்ளிக்கூட வேன், மேலே அட்டைக் கூரையின் கொதிப்பு. கண் மூடியிருக்கும், தூக்கம் இருக்காது. அப்படியே அசந்தாலும் கைவிரல்கள் தூங்காது. மில்லில் எங்கள் வேலை அறுந்த இழையை ஒட்டுவது. நூல் சுற்றுகிற கதிரை நிறுத்தி, அறுந்துபோன நூலின் வாலைத் தேடி எடுத்து, மேலிருந்து இறங்கி வரும் பஞ்சு இழையோடு வைத்து ஒரு நெருடு நெருடிவிட வேண்டும், ஒன்றரை நொடியில். எட்டு மணி நேரம் அதையே செய்த விரல்கள் பாயிலும் அதையே செய்யும். லைனில் பகலில் யார் வீட்டை எட்டிப் பார்த்தாலும் தூங்குகிறவர்களின் விரல்கள் காற்றில் எதையோ நெருடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இருபத்தாறு வருஷமாக என் விரல்களும் அப்படித்தான்.

நாச்சாத்தாள் இருபத்தோரு வருஷமாக மூணாம் ஷிப்ட். அவள் வீட்டுக்காரர் காளியப்பன் மட்டும் லைனிலேயே ஒரே ஆளாக முதல் ஷிப்ட், காலை ஆறிலிருந்து ரெண்டு. ஆறு மணிக்கு மில் கேட்டில் இவள் வெளியே வருவாள், அவர் உள்ளே போவார், வீட்டுச் சாவி கைமாறும். "குழம்பு சட்டியில இருக்குது." "மோர் வாங்கி வையுங்." அவ்வளவுதான் சம்சாரம். அவர் தூங்கும்போது இவள் மிஷினில், இவள் புரளும்போது அவர் மிஷினில். இருபத்தோரு வருஷத்தில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கினது கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட உடம்பு கேட்காது. அவர் குறட்டை விட, இவள் முழித்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள்.

போன பங்குனியில், விடியற்காலை நாலு மணிக்கு, நாச்சாத்தாள் நின்றபடியே ஒரு கண்சிமிட்டல் நேரம் தூங்கிவிட்டாள். கண் திறந்தபோது இடதுகை ஆள்காட்டி விரலில் மேல் ரெண்டு கணுவும் இல்லை. கட்டுப் போட்ட டாக்டர், "விரல் போனது மிஷினாலே இல்லம்மா, தூக்கமில்லாததாலே. தூங்கு. இல்லேன்னா அடுத்தது கை" என்றார். "தூங்கறதுக்கு மருந்து இருக்குதுங்களா?" என்று கேட்டாள். மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவளை எழுந்து நிற்க விடவில்லையே தவிர, தூங்க வைக்கவில்லை. அடுத்த கண்சிமிட்டலுக்குப் பயந்துகொண்டே அவள் வேலைக்குப் போனாள். வலது கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள், நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்கிற மாதிரி.

விரல் ஆறுகிற வரைக்கும் அவளைப் பஞ்சு பிரிக்கிற இடத்தில் குப்பை பொறுக்கப் போட்டார்கள். வடக்கேயிருந்து வருகிற பஞ்சுப் பொதியைப் பிரித்தால் என்னென்னவோ வரும். மயிலிறகு, வளையல் துண்டு, பீடிக்கட்டு, ஒருதரம் ஒற்றைக் குழந்தைச் செருப்பு. அவளுக்கு வந்தது ஒரு விதை. கொத்தமல்லி அளவு, சாம்பல் நிறம், மேலே புலிக்கோடு. பருத்திக் காட்டு ஓரத்தில் புளிச்சகீரை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பஞ்சோடு வந்த விதை பஞ்சுக்குச் சொந்தமாகத்தானே இருக்கும், புளிச்சைதான் என்று முடிவு கட்டி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். வெளியே வைத்தால் ஆடு விடாது. அதனால் வீட்டுக்குள், பழைய பெயிண்ட் வாளியில் ஊன்றினாள்.

செடி வளர்க்க அவளுக்குத் தெரியாது. நூல் நூற்கத்தான் தெரியும். ஆகவே செடியை நூல் மாதிரியே வளர்த்தாள். மில்லுக்குள் ஈரம் குறைந்தால் இழை அறும், கூடினால் சுற்றிக்கொள்ளும். அதனால் ஜன்னலில் நனைத்த சாக்கு கட்டினாள், அதிகம் சொட்டாமலும் காயாமலும் பார்த்துக்கொண்டாள். காற்று நிற்கக்கூடாது, அடிக்கவும் கூடாது. மேஜை விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள், சுவரில் பட்டுத் திரும்பி வருகிற காற்றில் இலை நடுங்கினால் போதும் என்று. வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். டியூப்லைட்டைக் கயிறு கட்டிச் செடிக்கு ஒரு முழம் மேலே இறக்கினாள். மண்ணில் விரல் விட்டு, ஒரு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அதற்கு வெட்டுப்பட்ட விரல் சரியான அளவாக இருந்தது. தூக்கம் வராத பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று எத்தனை இழை அறுந்தது, மேஸ்திரி என்ன சொன்னார் என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். செடி மூணு விரல் இலை விட்டது, அஞ்சு விரல் இலை விட்டது, அப்புறம் ஏழு. விரல் போனவளுக்கு விரல் விரலாக முளைத்தது. இலையோரமெல்லாம் ரம்பப் பல். அப்படி ஒரு பச்சை, அப்படி ஒரு தளதளப்பு, ஒரு பூச்சி கிடையாது, ஒரு பழுப்பு கிடையாது. நெஞ்சளவு வந்தபோது ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். புளிக்கவில்லை. "முத்துனாத்தான் புளிக்கும்" என்று விட்டுவிட்டாள்.

அதன்பிறகுதான் அந்த ஆடி மாதத்துக் காலை.

நாலாம் நம்பர் மயில்சாமிதான் எங்களில் முதலில் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர். பஞ்சு உடைக்கிற இடத்தில் வேலை. இளவயதில் மலைப்பக்கம் நிறையச் சுற்றினவர். இருட்டுக்குள் தலையை நீட்டி ஒரு மூச்சு இழுத்தார். ஈர வைக்கோலும் மாங்காய்த் தோலும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். தலையை வெளியே எடுத்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன செடிங்க மாமா இது?" என்று கேட்டேன்.

"கீரை மாப்ள" என்றார். "நல்ல கீரை."

"அப்புறம் இருட்டு?"

"பூக்கறதுக்கு அதுக்கு நீள ராத்திரி வேணும். இந்தப் புள்ள தூக்கம் வராம பகல், ராத்திரின்னு பாக்காம லைட்டப் போட்டு வெச்சிருக்குது. அது என்ன பண்ணும்? தனக்கு வேணுங்கறதத் தானே உண்டாக்கிக்கிச்சு."

அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. எங்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை, பாய் போட இடம்தான் தேவைப்பட்டது.

முதல் நாள் அடுத்த வீட்டுக்காரிகள் ரெண்டு பேர். மூணாம் நாள் ஏழு பேர். பத்தாம் நாள் பத்தொன்பது பேர். அந்த அறையில் ஏழு பாய்க்கு மேல் விரிக்க முடியாது. ஆனால் இருட்டில் சுவர் எங்கே என்று தெரியாததால் எத்தனை பேர் வந்தாலும் இன்னொருவருக்கு இடம் இருந்தது. உள்ளே சில்வண்டுச் சத்தம், மார்கழி மாதத்து மூணு மணிக் குளிர். நட்சத்திரம் எதுவும் தெரியாது, ஆனால் நட்சத்திரம் இருக்கிற இரவுக்குரிய அமைதி இருந்தது. யாரும் செடியைத் தொடவில்லை. அது வாளியில் நின்று தன் பாட்டுக்குத் தன் இரவை விட்டுக்கொண்டிருந்தது, நாங்கள் அதன் மிச்சத்தில் படுத்துக்கொண்டோம்.

லைனுக்கென்று சட்டதிட்டம் தானாக உருவானது. குறட்டைக்காரர்கள் மூலைக்கு. செருப்பு வாசலில், ஜோடி சேர்த்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு சேலை; அது கண்ணுக்கே தெரியாது என்றாலும் கட்டாமல் விட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. குழந்தைகள் உள்ளே வரக்கூடாது, வந்தால் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். ஒருநாள் மயில்சாமியின் சேவல் உச்சி வெயிலில் தெரியாமல் உள்ளே போய் அடைந்துவிட்டது; வெளியே வந்ததும் வெளிச்சத்தைப் பார்த்து மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூவியது. அதற்கப்புறம் அந்தச் சேவலை யாரும் நம்பவில்லை. மூணாம் ஷிப்டில் இழை அறுவது பாதியாகக் குறைந்தது. மேனேஜர் அது புது ஸ்பிண்டில் ஆயிலால் என்று ஆயில் கம்பெனிக்காரனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

தூங்குகிறவர்களின் கைகளை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு விரல்கூட அசையவில்லை.

ஆனால் காளியப்பனுக்கு அதில் பங்கு கிடையாது. அவர் ஊர் ராத்திரியில் தூங்குகிற ஆள். ரெண்டு மணிக்கு வேலை விட்டு வந்து, தன் வீட்டு வாசலிலேயே வெளியாள் மாதிரி நின்று, பத்தொன்பது மூச்சுக்கு நடுவே பெண்டாட்டி மூச்சு எது என்று காது கொடுத்துக் கேட்டு, அது சீராக இருக்கிறது என்று தெரிந்ததும் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரிப்பார். "உள்ள போயிப் படுங் மாமா" என்றால், "எழுப்பிப்போட்டன்னா?" என்பார்.

கெடுத்தது நாச்சாத்தாள்தான். ஆவணி கடைசியிலும் கீரை புளிக்கவில்லை. இவ்வளவு பேரைத் தூங்க வைக்கிற செடியில் ஒருநாளாவது எல்லோருக்கும் கடைந்து போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு கொப்பை ஒடித்து, கட்டைப் பையில் தலை நீட்டிக்கொண்டிருக்க, பஸ் ஏறி உழவர் சந்தைக்குப் போய்க் கீரைக்காரியிடம் நீட்டினாள். "ஏனுங்கக்கா, எங்கூட்டுப் புளிச்சை புளிக்கவே மாட்டேங்குது. சாம்பல் போடோணுமா, என்னுங் பண்ணோணும்?" கீரைக்காரி கொப்பைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், அந்தப் பக்கம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரரைப் பார்த்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. எஸ்.ஐ. செண்பகவல்லி, தெற்கத்திப் பக்கத்து அம்மா, நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே ரெண்டு கருப்புப் பிறை. சத்தம் கேட்டு எல்லோரும் பாயோடு வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம்.

"யாரு வளத்த செடி?"

"நாந்தானுங். புளிச்சகீரைன்னுட்டு வெச்சேன். புளிக்கவே இல்லீங்."

"அது புளிக்காதுங்கம்மா" என்றார் மயில்சாமி, வாய் தவறி.

"ஒமக்கு எப்பிடிய்யா தெரியும்?"

மயில்சாமி சேவலைத் தேடிப் போய்விட்டார்.

"இது கஞ்சாம்மா" என்றார் எஸ்.ஐ. "ஒத்தச் செடின்னாலும் கேஸுதான். நீ உள்ள போனா எப்ப வெளிய வருவேன்னு எனக்கே தெரியாது." நாச்சாத்தாள் பயந்ததாகத் தெரியவில்லை, வெட்கப்பட்டாள். இத்தனை நாள் ஒரு விருந்தாளியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்ட மாதிரி, வாசலைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எஸ்.ஐ. டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனார். டார்ச் வெளிச்சம் நனைந்த தீக்குச்சி மாதிரி அணைந்தது. கண் பழகட்டும் என்று சுவரோரம் உட்கார்ந்தார். கால் மணி, அரை மணி. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா தூங்குறாங்க" என்று மெதுவாகச் சொன்னார், ஏதோ குழந்தையைச் சொல்கிற மாதிரி. "ஊர்வல பந்தோபஸ்து. ஏழு நாளாச்சு அவங்க கண்ணு மூடி." நாச்சாத்தாள் உள்ளே போய்த் தொப்பியை எடுத்து ஓரமாக வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டு வந்தாள்.

ரெண்டு மணி ஆகும்போது அவர் வெளியே வந்தார். கன்னத்தில் பாய்க்கோடு. யார் முகத்தையும் பார்க்காமல் டீயை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, "செடிய எடுத்துத்தான் ஆவணும்மா" என்றார். குரல் மாறியிருந்தது.

"எடுத்துக்குங்" என்றாள் நாச்சாத்தாள். "ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங். இப்ப எங்கூட்டுக்காரரு வந்துருவாரு. இருவத்தியோரு வருசமா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத் தூங்குனதில்லீங். ஒருக்கா மட்டும் தூங்கிக்கறோமுங். எந்திரிச்சதும் நானே வாளியத் தூக்கி ஜீப்புல வெக்கறேன்."

எஸ்.ஐ. வாட்சைப் பார்த்தார். வாட்சில் எதைப் பார்த்தாரோ. "அஞ்சு மணி வரைக்கும்" என்றார். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். காளியப்பன் பொட்டலத்தோடு வந்தார். நாங்கள் பத்தொன்பது பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெயிலில் நின்றோம். அவர் எங்களைப் பார்த்துக் கூச்சப்பட்டுச் செருப்பைக் கழற்றினார், ரெண்டு தரம் கழற்றினார், அப்புறம் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அந்த மூணு மணி நேரம் லைனில் ஒரு குக்கர் விசில் அடிக்கவில்லை. கோலமாவு விற்கிறவனைத் தெருமுனையிலேயே எஸ்.ஐ. கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். மயில்சாமி சேவலின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அஞ்சு மணிக்கு அவளே வாளியைத் தூக்கி வந்தாள். இரவு வாளியோடு வெளியே வந்தது. ஜீப்பின் பின்பக்கம் முழுக்க இருட்டானது. எஸ்.ஐ. ஒரு தாளில், சொந்தக்காரர் யாரென்று தெரியாத செடி ஒன்று என்று எழுதி மயில்சாமியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அது அவருக்குத் தண்டனை. ஜீப் கிளம்பும்போது, அதன் பின்கதவுக்கு வெளியே இருட்டின் ஓரம் ஒன்று பிசிறாகத் தொங்கியது. நாச்சாத்தாளின் கை தானாகப் போனது. பிசிறைப் பிடித்தாள், குறை விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே வைத்து ஒரு நெருடு நெருடினாள். நூலாக இறங்கியது. ஜீப் போகப் போக நூல் நீண்டது, அறவில்லை. பளீரென்ற வெயிலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஏழு கிலோமீட்டர் இரவைச் சுமந்து போனது அந்த ஜீப். வழியெல்லாம் கொக்குகள் நேரத்துக்கு முன்னாலேயே மரமேறின, சந்தையில் கடைக்காரர்கள் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள்.

நூலின் மறுமுனையை அவள் குறை விரலில் சுற்றிக்கொண்டாள். காலையில் வேலை விட்டு வந்து அதை லேசாக இழுப்பாள். ஸ்டேஷனில் பூட்டி வைத்திருந்த செடியிடமிருந்து இரவு ஏழு கிலோமீட்டர் ஓடி வந்து அறையை நிரப்பும். ஸ்டேஷன் கதவுக்கு அடியில் போகிற அந்த நூலை எஸ்.ஐ. பார்த்துவிட்டார். யாரும் தடுக்கி விழக் கூடாதென்று அதில் ஒரு சிவப்புத் துணி மட்டும் கட்டி வைத்தார். மாதத்தில் ரெண்டு செவ்வாய்க்கிழமை சாதாரணச் சேலையில், தலையணையோடு, லைனுக்கு வருவார். குறட்டைக்காரர்கள் மூலையில்தான் அவருக்கு இடம்.

ஐப்பசியில் கோர்ட்டு உத்தரவு வந்தது. ஒரு புதன்கிழமை பத்து மணிக்குச் செடியை எரித்தார்கள். பதினோராம் நம்பர் அறையில் சட்டென்று விடிந்தது. பத்தொன்பது பேரும் எழுந்து உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விரல்கள் மறுபடி அசையத் தொடங்கியிருந்தன. நாச்சாத்தாள் கையில் நூல் தொய்ந்து கிடந்தது.

"போச்சுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அறுந்துருச்சு" என்றாள். "போகுல."

அன்று பகல் முழுக்கத் தூங்காமல் ஏழு கிலோமீட்டர் நூலையும் இழுத்துச் சுற்றினாள். ராத்திரி அதை மடியில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். விடியற்காலை நாலு மணிக்கு அவள் கண் சொருகியதை அடுத்த மிஷினிலிருந்து பார்த்தேன். வலது கை கதிருக்கு ரெண்டு அங்குலம் மேலே இருந்தது. கத்தினேன். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. தானாகத்தான் கண் திறந்தாள். கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. கேட்டில் காளியப்பன் சாவியை நீட்டினார். அவள் அதை வாங்காமல், தன் சாப்பாட்டுத் தூக்கையும் அவர் கையில் வைத்து, "செத்த புடிங்" என்றாள். கிழக்கே வெளுத்துவிட்டது. மேற்கே, காற்றாலைகளுக்குப் பின்னால், ஊருக்கெல்லாம் பொதுவான அந்த இரவு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசி ஓரம் சோளத்தட்டு மேல் இழுபட்டுக்கொண்டே போனது. நாச்சாத்தாள் வேலிவரைக்கும் ஓடினாள். வாலைத் தேடினாள். கண்டுபிடித்தாள். மடியிலிருந்த நூல் முனையை அதன்மேல் வைத்து, குறை விரலாலும் கட்டை விரலாலும் ஒரு நெருடு.

நாங்கள் மூச்சு விடவில்லை.

"ஒட்டிக்கிச்சு" என்றாள்.

நூலைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அவள் பின்னாலேயே, லைனுக்கு வேண்டிய அளவு இரவு மட்டும் பிரிந்து வந்தது. மிச்சம் தன் வழியே மேற்கே போனது. காளியப்பன் அன்று மில்லுக்குள் போகவில்லை. அடுத்த வாரமே மூணாம் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது கேட்டில் சாவி கைமாறுவதில்லை, ஆறு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வெளியே வருகிறார்கள், அவர் தூக்கைப் பிடித்துக்கொள்ள, அவள் வேலியோரம் போகிறாள். பெயிண்ட் வாளி இருந்த இடத்தில் அவர்கள் பாய் கிடக்கிறது. அவள் வலது கை அவர் மேல் கிடக்கும், அஞ்சு விரலும் அசையாமல்.

விடியற்காலையில் எங்கள் பக்கம் வருகிறவர்கள், மேற்கே போகிற இரவு காற்றாலைகளுக்குக் கீழே சற்றுத் தயங்கி நிற்பதைப் பார்த்தால் பயந்துவிட வேண்டாம். ஒன்றரை நொடிதான்.